பிள்ளைகளுக்காகக் கையொப்பமிட்ட தந்தை
(புனித ஜான் போஸ்கோவின் வாழ்க்கை)

புனித ஜான் போஸ்கோவின் படத்தைக் காணாத கத்தோலிக்க இல்லம் நம் நாட்டில் அரிது. கறுப்பு அங்கி, புன்னகை தவழும் முகம், சுற்றிலும் சிறுவர் கூட்டம் என்றே ஓவியர்கள் அவரை வரைந்திருக்கிறார்கள். அவர் சிறுவர்களுக்கு வித்தை காட்டியதையும், கயிற்றில் நடந்ததையும், ஒன்பது வயதில் கண்ட கனவையும் மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனால் மேசை மீது ஒரு முத்திரைத்தாளை விரித்து வைத்து, ஒரு பக்கம் முதலாளியையும் மறு பக்கம் ஏழைப் பையனையும் நிறுத்தி, ஒப்பந்தப் பத்திரத்தில் அவர் கையொப்பமிடுவதாக வரைந்த படத்தை நாம் பார்த்ததில்லை. அவர் வாழ்வின் அந்தப் பக்கத்தையே இந்த ஆண்டு மலரில் நம் மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். ஆதரவற்ற பிள்ளைக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பது அறம். அந்தப் பிள்ளை வளர்ந்து இல்லத்தின் வாசற்படியைத் தாண்டும் நாளில் உலகம் அவனை ஏமாற்றாதபடி காப்பதும் அறமே. இரண்டாவது அறத்தையும் தன் கடமை என்று எடுத்துக்கொண்டவர் அவர்.

தந்தையை இழந்த மகன்

இத்தாலி நாடு ஒன்றாகாத காலம் அது. வடமேற்கே பியத்மோந்து என்னும் பகுதியில், காஸ்தல்நுவோவோ ஊரை அடுத்த பெக்கி என்ற சிற்றூரில் 1815 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜான் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஏழை உழவர். ஜானுக்கு இரண்டு வயது நிறையுமுன்பே, 1817 மே மாதத்தில், காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். இருபத்தொன்பது வயதில் விதவையான தாய் மார்கரீத்தா, முதுமையடைந்த மாமியாரையும், கணவரின் முதல் தாரத்து மகன் அந்தோனியோவையும், தன் பிள்ளைகளான சூசை, ஜான் இருவரையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். எழுத்தறியாத அந்தத் தாய் மறைக்கல்வியை மட்டும் மனப்பாடமாக அறிந்திருந்தார். பஞ்ச காலத்திலும் யாரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்தார்.

ஜானுக்குப் படிப்பில் தீராத ஆவல். ஏழு வயது மூத்தவனான அந்தோனியோவுக்கோ அது பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையில் புத்தகம் எதற்கு என்பது அவன் எண்ணம். வீட்டில் நாள்தோறும் சச்சரவு மூண்டது. வேறு வழியின்றி 1828 பிப்ரவரி மாதத்துக் குளிரில், பன்னிரண்டே வயதான மகனைத் தாய் வேலை தேடி அனுப்பினார். மோலியா என்ற குடும்பத்தாரின் பண்ணையில் மாடு மேய்த்தும் நிலத்தில் உழைத்தும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் கழித்தார். அவர்கள் நல்லவர்கள். எனினும் பிறர் வீட்டில், பிறர் தயவில் வளரும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை ஜான் நூல்களில் படித்து அறிந்தவரல்லர். தாமே வாழ்ந்து அறிந்தவர்.

1829ஆம் ஆண்டின் இறுதியில் வழி திறந்தது. கலோசோ என்ற முதிய குருவானவர் சிறுவனின் அறிவைக் கண்டு வியந்து, தம்மிடம் வைத்து இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். படிப்புச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், தாம் பார்த்துக்கொள்வதாகவும் வாக்களித்தார். ஆனால் அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்தில் அவரைத் திடீரென்று வாதநோய் தாக்கியது. பேச்சு நின்றது. தம் பணப்பெட்டியின் சாவியை ஜானின் கையில் கொடுத்து, உள்ளிருப்பது அவனுக்கே என்று சைகையால் காட்டிவிட்டுக் கண் மூடினார். பெட்டியில் ஆறாயிரம் லீரா இருந்தது. உறவினர் வந்தார்கள். குருவானவர் எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஜான் வாதாடவில்லை, சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். அந்த நல்ல குருவானவரின் உள்ளத்தில் குறையில்லை, வாக்கிலும் பொய்யில்லை. ஆனால் எழுத்தில் இல்லாத அன்பு ஓர் ஏழைப் பையனின் கையில் வந்து சேராமலே போயிற்று.

அதே 1830ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. சகோதரர்களின் சச்சரவுக்கு முடிவு கட்டத் தாய் மார்கரீத்தா குடும்பச் சொத்தைப் பிரித்துவிடத் துணிந்தார். சூசையும் ஜானும் வயது வராதவர்கள். ஆகவே பாகப்பிரிவினைக்குப் பல சட்டச் சடங்குகள் தேவைப்பட்டன. ஏழைக் குடும்பத்துக்குச் செலவும் மிகுந்தது. ஆயினும் தாய் பின்வாங்கவில்லை. ஜானுக்குப் படிக்கும் வழி திறந்தது. பதினைந்து வயதுக்குள் சட்டம் என்பதன் இரு முகங்களையும் ஜான் பார்த்துவிட்டார். பத்திரம் இல்லாததால் ஒரு கதவு மூடியது. பத்திரம் எழுதியதால் ஒரு கதவு திறந்தது.

உழைத்துப் படித்தவர்

1831ஆம் ஆண்டில் கியேரி நகரப் பள்ளியில் ஜான் சேர்ந்தார். தங்குவதற்கும் உண்பதற்கும் பணமில்லை. ஆகவே படிப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம் வேலை. தையற்காரரிடம் துணி தைக்கவும், கொல்லரிடம் சம்மட்டி பிடிக்கவும் கற்றார். ஒரு காபிக்கடையில் பணிசெய்து, மாடிப்படியின் அடியில் இருந்த சிறு இடத்தில் படுத்துறங்கினார். பின்னாளில் தையலும் தச்சும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறவருக்கு இறைவன் முன்கூட்டியே அளித்த பயிற்சி அது என்று சொல்வது மிகையாகாது. 1835ஆம் ஆண்டில் குருமடத்தில் சேர்ந்து, 1841 ஜூன் 5ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். இனி நாமும் அவரை உலகம் அழைக்கும் பெயராலேயே தொன் போஸ்கோ என்று அழைப்போம். இத்தாலியில் குருக்களை 'தொன்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம்.

சிறைக்கதவின் இரு பக்கம்

அக்காலத்துத் தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். எங்கும் புதிய கட்டடங்கள். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் பிழைப்புத் தேடிக் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். சாரத்தின் மேல் ஏறிச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்தார்கள். வேலை இல்லாத நாளில் தெருவே அவர்கள் வீடு. முற்காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்து, தொழில் பழகும் பையனை எப்படி நடத்த வேண்டும் என்று விதி வகுத்திருந்தது. 1844ஆம் ஆண்டில் அரசு அச்சங்கங்களைக் கலைத்துவிட்டது. பழைய வேலி போயிற்று. புதிய சட்டம் வரவில்லை. பையனின் உழைப்பும் உடலும் முதலாளியின் மனம்போல் ஆயின.

தொன் போஸ்கோவின் ஞான வழிகாட்டியான கபாசோ அடிகளார் அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கண்ட காட்சி இளங்குருவின் உள்ளத்தைப் பிளந்தது. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள், நல்ல உடற்கட்டும் கூரிய அறிவும் உடையவர்கள், பூச்சி கடிக்கும் அறைகளில் சும்மா கிடந்தார்கள். அதைவிட வேதனையான ஒன்றையும் அவர் கவனித்தார். விடுதலையாகும்போது பலர் நல்லவர்களாக வாழ்வோம் என்ற உறுதியோடுதான் வெளியே போனார்கள். சில நாட்களிலேயே மீண்டும் அதே சிறைக்கு வந்து சேர்ந்தார்கள். காரணம் என்ன? கதவுக்கு வெளியே அவர்களுக்காகக் காத்து நிற்பவர் ஒருவருமில்லை. வேலை கொடுப்பார் இல்லை. வேலை கிடைத்தாலும் கூலிக்கு உத்தரவாதம் சொல்வார் இல்லை. நண்பன் ஒருவன் வெளியே இருந்திருந்தால் இவர்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள் அல்லவா என்று அவர் தமக்குள் எண்ணினார். அவருடைய வாழ்நாள் பணி முழுவதும் இந்தக் கேள்விக்கு அவர் அளித்த விடையே.

1841 டிசம்பர் 8, மரியன்னையின் அமல உற்பவத் திருநாள். தூரின் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் தொன் போஸ்கோ திருப்பலிக்கு ஆயத்தமானபோது, சக்ரீஸ்தியில் ஒதுங்கி நின்ற ஒரு பையனைக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து வரச் செய்தார். பர்த்தலோமேயு கரெல்லி என்னும் அந்தப் பதினாறு வயதுக் கொத்து வேலைக்காரனுக்குத் தாய் தந்தை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. திருப்பலிக்குப் பூசை உதவவும் தெரியாது. அவனோடு ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லி மறைக்கல்வியைத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு அவன் நண்பர்களோடு வந்தான். இவ்வாறு 'ஆரட்டரி' என்னும் ஞாயிறு மன்றம் பிறந்தது. சிறுவர்களின் கூச்சலைப் பொறுக்காதவர்கள் இடத்துக்கு இடம் விரட்டினார்கள். கடைசியில் 1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று, வால்தோக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 300 லீரா. தலை தட்டாமல் நிற்பதற்குத் தரையையே தோண்ட வேண்டியிருந்தது!

அம்மாவின் வீடு

அவ்வாண்டு கோடையில் தொன் போஸ்கோ உழைப்பின் மிகுதியால் நோயுற்று மரணத்தின் வாயிலைத் தொட்டார். பையன்கள் இராப்பகலாகச் செபித்தார்கள். அவர் பிழைத்தெழுந்தார். நவம்பர் மாதம் 3ஆம் நாள் தூரினுக்குத் திரும்பியபோது உடன் வந்தவர் தாய் மார்கரீத்தா. ஐம்பத்தெட்டு வயதில், தம் சொந்த வீட்டையும் பேரக்குழந்தைகளையும் விட்டுவிட்டு, பெயர் தெரியாத பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடவும் கிழிசல் தைக்கவும் வந்தார். கல்யாணப் புடவை நகைகளை நம் தாய்மார் எப்படிப் போற்றுவார்களோ அப்படித் தாம் போற்றி வைத்திருந்த திருமண உடைகளையும் சிறு நகையையும் இந்தப் பிள்ளைகளுக்காக விற்றார்.

முதன்முதலில் இடங்கொடுத்த பையன்கள் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடிப்போனார்கள். அதற்காகக் கதவு மூடப்படவில்லை. 1847 மே மாதத்தில், மழை கொட்டும் ஓர் இரவில், கொத்து வேலை தேடி வந்த ஓர் அநாதைப் பையன் நனைந்து நடுங்கியபடி வாசலில் நின்றான். கையில் இருந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டிருந்தது. தாயும் மகனும் அவனை அடுப்பருகே அமர்த்தி உணவளித்து, சமையலறையிலேயே செங்கல் மீது பலகை பரப்பிப் படுக்க வைத்தார்கள். அவனே அவ்வில்லத்தின் முதல் பிள்ளை. காலப்போக்கில் நூற்றுக்கணக்கானோர் வாழும் இல்லமாக அது வளர்ந்தது. ஒருமுறை பிள்ளைகளின் அட்டகாசம் தாங்காமல் மார்கரீத்தா அம்மையார் ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றாராம். மகன் பதில் சொல்லவில்லை; சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அம்மையார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குப் போனார். 1856 நவம்பரில் இறக்கும் வரை அவர் அங்கேயே இருந்தார்.

முத்திரைத்தாளில் எழுதிய அன்பு

இனி நாம் முதலில் குறிப்பிட்ட பத்திரத்துக்கு வருவோம். தொடக்கத்தில் வால்தோக்கோவில் தொழிற்கூடம் கிடையாது. பையன்கள் பகலில் நகரத்துப் பட்டறைகளுக்கு வேலை பழகப் போய், இரவில் இல்லத்துக்குத் திரும்பினார்கள். தொன் போஸ்கோ வார நாட்களில் பட்டறைகளுக்கே நேரில் சென்று பார்த்தார். தச்சுத் தொழில் கற்க வந்த பையன் முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தான், குழந்தையைத் தூக்கினான், கடைக்குப் போனான். சிறு தவறுக்கும் அடி விழுந்தது. கூலி கேட்டால் நாளை என்ற பதில். தட்டிக் கேட்கத் தந்தை இல்லாத பிள்ளைதானே என்ற துணிச்சல்.

தொன் போஸ்கோ முதலாளிகளைப் பகைக்கவில்லை. வெறும் வாய்ச்சொல்லையும் நம்பவில்லை. ஒவ்வொரு பையனுக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்றார். அவற்றுள் இன்றும் பாதுகாக்கப்படுகிறவற்றில் மிகப் பழையது 1851 நவம்பரில் எழுதியது. கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவரிடம் ஒரு பையனை மூன்று ஆண்டுக்குச் சேர்த்த ஒப்பந்தம் அது. முதலாண்டில் நாளொன்றுக்கு ஒரு லீரா, இரண்டாம் ஆண்டில் ஒன்றரை, மூன்றாம் ஆண்டில் இரண்டு லீரா என்று கூலி அதில் குறிக்கப்பட்டது. ஆண்டில் ஏறக்குறைய இரண்டு வார விடுமுறையும் பேசப்பட்டது. அந்நாளில் ஏழைத் தொழிலாளச் சிறுவனுக்கு விடுமுறை என்ற சொல்லே புதிது!

அடுத்தது 1852 பிப்ரவரி மாதம் 8ஆம் நாள் எழுதியது. இது 40 சென்டெசிமி மதிப்புள்ள அரசு முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. ஒரு லீராவுக்கு நூறு சென்டெசிமி. மொந்தோவி ஊரில் பிறந்த ஒரு பையனைத் தூரின் நகரத் தச்சர் ஒருவரிடம் இரண்டாண்டுக் காலம் தொழில் பழகச் சேர்க்கும் பத்திரம். தச்சர், பையன், பிணை நின்ற பையனின் தந்தை, தொன் போஸ்கோ ஆகிய நால்வரும் கையொப்பமிட்டார்கள். அதன் நிபந்தனைகளை நம் மாணவியர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழிலின் நுணுக்கங்களை ஒளிக்காமல் பையனுக்குக் கற்பிக்கத் தச்சர் கடமைப்பட்டார். நல்ல தந்தை தம் மகனுக்குச் சொல்வதுபோல் அறிவுரை கூற வேண்டும். தவறு செய்தால் சொல்லால் திருத்தலாம். கை நீட்டக் கூடாது. வயதுக்கும் உடல் வலிமைக்கும் ஏற்ற வேலையே கொடுக்க வேண்டும். தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. ஞாயிறு, கடன் திருநாட்களில் பையன் ஆலயத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் செல்ல முழு ஓய்வு தர வேண்டும். கூலி நாளுக்கு 30 சென்டெசிமியில் தொடங்கி இரண்டாம் ஆண்டில் 60 ஆக உயர வேண்டும்.

பையனுக்கும் கடமைகள் உண்டு. பணிவோடும் கவனத்தோடும் வேலை செய்ய வேண்டும். அவனால் நேரும் நட்டத்துக்குப் பிணை நிற்பவர் பொறுப்பு. பையன் மீது முறையீடு இருந்தால் கேட்டுத் திருத்துவதாகத் தொன் போஸ்கோ உறுதி தந்தார். உரிமையைக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர் கடமையை மறக்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

இப்பத்திரத்தில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி இன்னொன்று. ஒருவேளை அந்தப் பையன் ஏதேனும் குற்றத்தால் இல்லத்திலிருந்தே விலக்கப்பட்டால் என்ன ஆகும்? அதற்கும் பத்திரத்தில் விடை உண்டு. அக்குற்றம் முதலாளியைச் சார்ந்ததாக இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடியும் வரை தச்சர் அவனுக்குத் தொழில் கற்பித்தே தீர வேண்டும். இல்லத்தின் கதவு அவனுக்கு மூடினாலும் பிழைப்பின் கதவு மூடக் கூடாது என்று அந்தத் தந்தை முன்னரே எண்ணி எழுதி வைத்தார். நல்ல பிள்ளைகளை நேசிப்பது எளிது. நம்மை விட்டுப் போகும் பிள்ளைக்கும், நாம் அனுப்பிவிட்ட பிள்ளைக்கும்கூட நீதி வேண்டும் என்று எண்ணுவதற்குக் கிறிஸ்துவின் இதயம் வேண்டும்.

இத்தாலிய அரசு குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது 1886ஆம் ஆண்டில்தான். ஒன்பது வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்பதே அதன் அளவு. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஏழைக் குரு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு சட்டமாக எழுதிக்கொண்டிருந்தார்!

ஏமாறாதிருக்கக் கல்வி

பத்திரம் மட்டும் போதுமா? படிக்கத் தெரியாதவன் கையில் பத்திரம் வெறுந்தாள். ஆகவே மாலைப் பள்ளிகள் நடந்தன. 1850ஆம் ஆண்டு தொடக்கத்தில் பியத்மோந்தில் பழைய அளவைகள் போய் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. புதிய அளவும் நிறுத்தலும் புரியாத ஏழைகள் கடைகளில் ஏமாறுவார்கள் என்று உணர்ந்த தொன் போஸ்கோ, மெட்ரிக் முறையை எளிதாக விளக்கும் சிறு நூலை முன்னதாகவே எழுதி வெளியிட்டார்.

1850 ஜூன் மாதத்தில் தொழிலாளப் பையன்களுக்காகப் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் ஐந்து சென்டெசிமி செலுத்துவார்கள். நோயுற்றவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது சென்டெசிமி உதவி கிடைக்கும். தம் குற்றமின்றி வேலை இழந்தவரும் உதவி பெறுவர். பிறரிடம் பிச்சை பெறாமல் தாங்களே ஒருவரையொருவர் தாங்கும் வழியை அவர் இளைஞர்களுக்குக் காட்டினார்.

நகரப் பட்டறைகளின் தீய சூழலிலிருந்து பிள்ளைகளைக் காக்க 1853ஆம் ஆண்டில் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற்கூடமும் அமைத்தார். பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சகம், இரும்பு வேலை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கையில் தொழிலும், மனத்தில் மறையும், சட்டைப்பையில் சான்றும் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வெளியேறக் கூடாது என்பதே அவர் கருத்து என்று நாம் கொள்ளலாம்.

திருச்சபைக்கும் அரசுக்கும் கடும் பூசல் நிலவிய காலம் அது. துறவற சபைகள் பலவற்றைக் கலைக்கும் சட்டம் 1855ஆம் ஆண்டில் வந்தது. அச்சட்டத்துக்குக் காரணமான அமைச்சர் ரத்தாசி தொன் போஸ்கோவின் இல்லத்தை மதித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் நாட்டின் குடிமகனாகத் தம் உரிமைகளை வைத்துக்கொண்டே ஒன்றுசேர்ந்தால் அரசு தடுக்க முடியாது என்ற யோசனையை 1857இல் வழங்கியவரும் அவரே. 1859 டிசம்பர் 18ஆம் நாள் பிறந்த சலேசிய சபை அந்த வழியைத் தழுவிக்கொண்டது. சட்டத்தைப் பகையாகக் கருதாமல், அதற்குள் ஏழைக்கு இடம் தேடியவர் தொன் போஸ்கோ.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு தாய்

இவ்விடத்தில் நம் மாணவியர், பெண் பிள்ளைகளை அவர் மறந்துவிட்டாரா என்று கேட்கலாம். மொர்னேசே என்ற ஊரில் மரிய தொமெனிக்கா மசரெல்லோ என்னும் இளம்பெண் இருந்தார். 1860ஆம் ஆண்டில் டைபாய்டு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் அந்நோய்க்கு ஆளானார். உயிர் பிழைத்தும் வயலில் உழைக்கும் வலிமை போயிற்று. சோர்ந்துவிடாமல் ஊர்த் தையற்காரரிடம் தையல் பழகி, ஏழைச் சிறுமியருக்குக் கற்பித்தார். ஒவ்வொரு தையலும் இறையன்பின் செயலாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வாராம். அவரைக் கொண்டே 1872 ஆகஸ்டு 5ஆம் நாள் கிறிஸ்தவர்களின் சகாய அன்னையின் புதல்வியர் சபையைத் தொன் போஸ்கோ நிறுவினார். தையல் தெரிந்த பெண் தன் காலில் நிற்பாள் என்பதை அந்தக் கன்னியர் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள்

ஓர் இல்லத்தின் வெற்றியை அங்கே இருப்பவர்களைக் கொண்டு அளப்பது போதாது. அங்கிருந்து போனவர்களைக் கொண்டும் அளக்க வேண்டும். 1870ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, முன்னாள் பிள்ளைகள் சிலர் தங்கள் தந்தையைத் தேடி வால்தோக்கோவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அங்கே புத்தகம் கட்டும் தொழில் கற்ற கார்லோ கஸ்தீனி. தங்கள் உழைப்பின் பணத்தில் காபிக் கோப்பைகள் வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். விலை சிறிதுதான். ஆனால் ஒருகாலத்தில் ஒரு வேளை உணவுக்கு வழியில்லாத பிள்ளைகள், சொந்தச் சம்பாத்தியத்தில் பரிசு கொண்டுவந்து நிமிர்ந்து நின்றார்கள் அல்லவா? இன்று உலகெங்கும் உள்ள தொன் போஸ்கோ முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு அதுவே வித்து.

1888 சனவரி 31ஆம் நாள் விடியலில் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவருடைய மக்கள் 1906 சனவரியில் நம் தஞ்சாவூருக்கு வந்து, அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தையும் தொழிற்பள்ளியையும் ஏற்றார்கள். 1922ஆம் ஆண்டில் கன்னியரும் தஞ்சைக்கே வந்தார்கள். இந்திய மண்ணில் இரு சபைகளும் முதலில் காலூன்றியது நம் காவிரிக் கரையில் என்பது நமக்குப் பெருமை.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் இல்லங்களில் வளர்ந்து பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியேறும் பிள்ளைகள் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்குப் பதினெட்டாம் பிறந்தநாள் விழா; அவர்களுக்கோ அது வீடு மாறும் நாள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தந்தை பெயரும் நிலையான முகவரியும் கேட்கிறார்கள். வாடகை வீட்டுக்குப் பிணை கேட்கிறார்கள். வேலையில் கூலி பாக்கி வைத்தால் கேட்க ஆளில்லை.

அவர்களுக்கென்று சட்டம் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்தை விட்டுச் செல்லும் பதினெட்டு வயதானவர் சமூகத்தில் காலூன்றப் பண உதவி அளிக்க வழி செய்கிறது. இந்தப் பிற்காப்பு பொதுவாக இருபத்தொரு வயது வரை நீளும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு மனு கொடுக்கலாம். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. அதைத் தெரிந்து சொல்லவும், படிவத்தை நிரப்பித் தரவும், அலுவலக வாசலில் உடன் நிற்கவும் ஒரு மனிதர் வேண்டும். தூரின் நகரில் தொன் போஸ்கோ நின்றது அந்த இடத்தில்தான்.

அன்பு மாணவியரே! உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞர் ஆகலாம், வங்கியில் பணிபுரியலாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் அமரலாம், முதலாளியாகி நான்கு பேருக்கு வேலை கொடுக்கலாம். தந்தை பெயர் எழுதும் இடத்தில் தயங்கி நிற்கும் ஒரு பெண் உங்கள் மேசை முன் வருவாள். அவளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து, கேட்டு, எழுதிக் கொடுங்கள். பெற்றோரே! உங்கள் வீட்டிலும் கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பேசிய கூலி பேசிய நாளில் கிடைக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தொன் போஸ்கோவின் தூய ஆவியை நாமும் பெற, சகாய அன்னையை வேண்டுவோம். செபம் முடிந்து எழும்போது, நம் கையொப்பம் யாருக்குப் பயன்படும் என்றும் எண்ணுவோம்.